ஏழாம் நம்பர் வீட்டுக் குப்பை

அத்தியாயம் 6

காயல்கரை காலனியின் இரும்பு கேட்டை மறித்துக்கொண்டு, மூடிய தகர டிரம் ஒன்றின் மேல் உட்கார்ந்திருந்தாள் புஷ்பம். பக்கத்தில் கேட் கம்பியில் கட்டியிருந்த கன்றுக்குட்டி பசியில் கத்தியது. குப்பை வண்டிக்காரன் அவளை ஒரு பார்வை பார்த்தான். வண்டியைத் திருப்பினான்.

"இன்னைக்கும் இல்லியா?" என்று கேட்டாள் சகினா.

"என் செவலைய கொன்னவன் ஆருன்னு தெரியட்டும். அதுவரிக்கும் இந்தக் காலனிக் குப்பை இங்கியே நாறட்டும்."

நாறியது. அடையாற்றுக் காயலின் கரையில் ஓடு வேய்ந்த அழகான வீடுகள். முன்பெல்லாம் குப்பையைக் காயலிலேயே கொட்டினார்கள். கடல் ஏற்றம் வந்தபோது தண்ணீர் அதை மரியாதையாகக் கொண்டுவந்து படிக்கட்டில் வைத்துவிட்டுப் போனது. அதன் பிறகுதான் சங்கம் கூடி விதி போட்டது. வீட்டுக்கு மூன்று தொட்டி. கழுநீரும் காய்த் தோலும் ஒன்றில். அது புஷ்பத்தின் பசுவுக்கு. காகிதமும் பாட்டிலும் இன்னொன்றில். அது பழைய பேப்பர்காரனுக்கு. சாம்பலும் தூசியும் மூன்றாவதில், அது வண்டிக்கு.

சந்திர கிரகணத்துக்கு மறுநாள் காலை, காலனிக் கழுநீரைக் குடித்த செவலைப் பசு நுரை தள்ளிச் செத்தது. அன்றிலிருந்து எதுவும் வெளியே போகவில்லை. பழைய பேப்பர்காரன் புஷ்பத்தின் தம்பி. வண்டிக்காரன் அவள் சொல்லைத் தட்டாதவன். மூக்கைப் பிடித்துக்கொண்டு பொறுத்துப் பார்த்த சங்கத்துச் செயலாளர் ராஜகோபாலன், கடைசியில் தேனாம்பேட்டைக்கு ஆள் அனுப்பித் துப்பறியும் ஜவஹரைக் கூப்பிட்டார். ஜவஹர் வந்தால் சகினாவும் வருவாள். டைப்ரைட்டிங் ராயப்பேட்டையில் கற்றது. வாய் கூடவே பிறந்தது.

"அந்த டிரம்ல என்ன?" என்று கேட்டான் ஜவஹர்.

"அன்னிக்குக் கழுநீரு. செவலை குடிச்ச மிச்சம்."

"எதுக்கு வெச்சிருக்கே?"

"செஞ்சவன் தலையில ஊத்த." புஷ்பம் மூடியைத் தட்டினாள். "தினம் ஊறிக்கினு கீது. நல்லா ஊறட்டும்."

"சார், இவங்க ஊறுகாய் போடறாங்க," என்றாள் சகினா.

அவள் விளையாட்டாகச் சொன்னது ஒரு மணி நேரத்தில் நிஜமாகும் என்று அவளுக்கே அப்போது தெரியாது.

உள்ளேயிருந்து இருவர் வந்தார்கள். முன்னால் ராஜகோபாலன். பின்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஓர் இளைஞன். கன்னம் ஒட்டி, கண் குழிந்திருந்தது. சகினாவிடம் ஒரு கைக்குட்டையை நீட்டினான்.

"மூக்கைப் பொத்திக்கோங்கோ. எங்க காலனி இப்படி இருந்ததே இல்லே."

"இவர் கஸ்தூரிரங்கன்," என்றார் ராஜகோபாலன். "சுகாதாரக் கமிட்டி இவர் பொறுப்பு. அந்த மூணு தொட்டித் திட்டமே இவரோடதுதான். மிஸ்டர் ஜவஹர், உங்களுக்கு வேலையே இல்லே. பாட்டில் கிடைச்சுடுத்து. நாலாம் நம்பர் தொட்டியிலே."

நாலாம் நம்பர் வீடு பொன்ராஜுடையது. தி.நகரில் ஜவுளிக் கடை வைத்திருப்பவர். அவர் வாசலில், கைலியோடு, தொட்டிக்குக் காவல்காரர் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"வாங்க. எல்லாரும் வாங்க. மாட்டைக் கொன்ன பாவின்னு என்னையப் பாக்க டிக்கெட் போடலாம்."

"அவ மாடு உங்காத்துக் குரோட்டன்ஸை மேய்ஞ்சுது. நீங்க அதை வெட்டிப் போடுவேன்னு சொன்னேள்," என்றான் கஸ்தூரிரங்கன்.

"சொன்னேன்! கோவத்துல சொல்லுததுதான். கடையில கூட, விலை கேட்டுட்டு எடுக்காமப் போறவங்களைப் பத்தி என்னவெல்லாமோ சொல்லுதேன். அத்தனை பேரும் செத்தா போயிட்டாக?"

ஜவஹர் பாட்டில் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான். சகினா குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே எடுத்தாள். எண்ணெய் வழியும் டின். அடியில் பாகு உறைந்த சர்பத் பாட்டில். தலைவலித் தைலக் குப்பி. பாதி தீர்ந்த மையோடு ஒரு மைக்கூடு. எல்லாவற்றிலும் லேபில் இருந்தது, மூடி இருந்தது, அழுக்கு இருந்தது.

இவற்றின் நடுவே ஒன்று மட்டும் பளபளவென்று இருந்தது. அதில் லேபில் இல்லை, மூடியும் இல்லை. மோந்து பார்த்தாள். உள்ளே எங்கோ மூட்டைப்பூச்சி மருந்தின் வாடை ஒட்டிக்கொண்டிருந்தது.

"பொன்ராஜ் சார், பாட்டிலைக் கழுவித்தான் போடணும்னு இங்கே விதி உண்டா?"

"உண்டு. கழுவணும், லேபிலை ஊற வெச்சு உரிக்கணும், மூடியைத் தனியாப் போடணும். எந்த வேலையத்த பயலோ எழுதினது. மூணு தடவை எனக்கு அபராதம் போட்டாச்சு. நான் ஒரு நாளும் கழுவினதில்லை. கழுவவும் மாட்டேன்."

"அது ஊரறிஞ்ச விஷயம்," என்றார் ராஜகோபாலன், வருத்தத்தோடு.

சகினா பாட்டிலை வெயிலில் தூக்கிப் பிடித்தாள். லேபில் இருந்த இடத்தில் பசையின் தடம்கூட இல்லை.

"சார், இவர் பாவம் நல்லெண்ணெய் டின்னையே கழுவாதவர். விஷ பாட்டிலுக்கு மட்டும் இவ்வளவு உபசாரமா?"

ஜவஹர் கஸ்தூரிரங்கனைப் பார்க்கவில்லை. காயலைப் பார்த்தான். "யாரோ கொண்டுவந்து போட்டிருக்கான். போடறதுக்கு முன்னாடி, கை பழக்கத்துல கழுவியிருக்கான். அடுத்தவன் மேல பழி போடும்போதும் விதியை மீற மனசு வரலை."

"காலனியிலே பாதிப் பேர் கழுவறா. நான்கூடக் கழுவறேன்," என்றான் கஸ்தூரிரங்கன்.

"அதனால பாதிப் பேர் மேல சந்தேகம்," என்றான் ஜவஹர் சிரித்தபடி. "நீங்க போய்ச் சாப்பிடுங்க. நாங்க அந்த டிரம்மைப் பார்க்கணும்."

புஷ்பம் முதலில் எழ மறுத்தாள். பிறகு, ஒரு பாட்டில் அளவுக்கு மேல் எடுக்கக் கூடாது, மீதி தன்னுடையது என்று சத்தியம் வாங்கிக்கொண்டு இறங்கினாள். ஜவஹர் மூடியைத் திறந்தான்.

"யா அல்லா," என்று இரண்டடி பின்னால் போனாள் சகினா.

ஒரு குச்சியால் கிளறினார்கள். வெண்டைக்காய்க் காம்பு. வாழைக்காய்த் தோல். கிரகணம் முடிந்ததும் வீட்டுக்கு வீடு கொட்டிய சோறு. அடியில், குச்சி குச்சியாகப் பழுப்பு நிறத் துண்டுகள். அவற்றோடு ஒட்டிக்கொண்டு நீளமாக ஒரு புல்.

ராஜகோபாலன் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுத்தார். அவர் முகத்தில் ஒரு பழைய ஆசை வந்து போனது.

"மாகாளி!"

"யாரு?"

"மாகாளிக் கிழங்கு ஊறுகாய். மோர்லே ஊறப் போடறது. வாசனை அசல் மூட்டைப்பூச்சி மாதிரியே இருக்கும். பழகாதவா ஓடிப் போயிடுவா. பழகினவாளுக்கு அமிர்தம்."

சகினா குச்சியைக் கீழே வைத்தாள். "அப்போ, மூட்டைப்பூச்சி மருந்தைக் கலந்தா?"

"கலந்தா... இந்த வாசனையிலே அது ஒருத்தருக்கும் தெரியாது," என்று சொல்லி முடித்த பிறகுதான் ராஜகோபாலனுக்குத் தாம் சொன்னது புரிந்தது.

"மருந்து மாட்டுக்கு வெச்சது இல்லை," என்றான் ஜவஹர். "மாட்டைக் கொல்றவன் கழுநீர்லயே கொட்டுவான். ஊறுகாய்ல கலந்து மெனக்கெட மாட்டான். இது ஒரு மனுஷருக்கு வெச்சது. இந்தப் புல் என்ன?"

"தர்ப்பை. கிரகணத்தும்போது ஆக்கின சாதம், குழம்பு எல்லாம் தீட்டு. முடிஞ்சதும் கொட்டிடுவோம். ஆனா பால், தயிர், ஊறுகாய் இதையெல்லாம் கொட்ட முடியுமா? அதனாலே முன்கூட்டியே அதுக்கெல்லாம் ஒரு தர்ப்பையைக் கிள்ளிப் போட்டுடறது. தர்ப்பை போட்டதுக்குத் தீட்டில்லே. வெச்சுக்கலாம்."

சகினா அந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்ல இது எல்லாம் தெரியாது சார். அதனால தப்பா இருந்தா திருத்துங்க. தர்ப்பை போட்டா வெச்சுக்கலாம். போடாட்டி கொட்டணும். அப்படின்னா, தர்ப்பை போட்டதை எதுக்குக் கொட்டினாங்க?"

ராஜகோபாலன் கீழே கிடந்த குச்சியை எடுத்தார். தர்ப்பையைத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஊறுகாயைச் சாப்பிடக் கூடாதுன்னு ஒருத்தருக்குத் தெரிஞ்சிருக்கு," என்றான் ஜவஹர். "காலனியில இதைச் சாப்பிடறது யாரு?"

"நான் சாப்பிடுவேன். ஆனா டாக்டர் உப்பே கூடாதுன்னுட்டார். மிச்சம் ஒருத்தர்தான். ஏழாம் நம்பர் சுப்புலக்ஷ்மி. வீணை டீச்சர்."

"வீட்டுல வேற யாரு?"

ராஜகோபாலனின் குரல் இறங்கியது. "அவ அண்ணா பிள்ளை. கஸ்தூரிரங்கன்."

ஏழாம் நம்பர் வீட்டின் மூன்று தொட்டிகளும் பக்கவாட்டுச் சந்தில் வரிசையாக நின்றன. மூன்றிலும் வெள்ளைப் பெயிண்டில் அழகான எழுத்து. பாட்டில்கள் எல்லாம் கழுவியவை, உரித்தவை, மூடி கழற்றியவை.

"நல்ல காலம், புஷ்பம் வண்டியை விடலை," என்றான் ஜவஹர். "மேலேயிருந்து தோண்டு. நேத்திக்கு, முந்தா நாள், அதுக்கு முன்னாடின்னு ஒழுங்கா அடுக்கி வெச்சிருக்கும். கிரகணம் அடியில இருக்கும்."

"பி.எஸ்ஸி.ல ஜியாலஜி எடுத்தவங்க பண்ண வேண்டிய வேலை சார் இது. டைப்பிஸ்ட் பண்ற வேலை இல்லை." சொல்லிக்கொண்டே காகிதத் தொட்டிக்குள் கையை விட்டாள் சகினா.

மேலே ஒரு பொட்டலம். வாழை இலை, மேலே செய்தித்தாள், வாழை நாரால் கட்டியது. ஹோட்டல் பொட்டலம். பிரித்து மோந்தாள்.

"வெங்காய சாம்பார்."

"ஏழாம் நம்பர்லயா? அந்தாத்துல வெங்காயம் வாசப்படி தாண்டாதே!" என்றார் ராஜகோபாலன்.

அடுத்தது இங்கிலீஷ் பேப்பரில் மடித்த ஒரு கட்டு. பிரித்தால் சாதம், கூட்டு, இரண்டு அப்பளம். ஒரு வாய்கூடத் தொடாதது. அதன் கீழே இன்னொரு ஹோட்டல் பொட்டலம். அதன் கீழே இன்னொரு கட்டுச் சாதம். இப்படியே ஒன்று மாற்றி ஒன்று. அடிக்குப் போகப் போக, பொட்டலம் நின்றுபோனது. கிரகணத்தன்று வந்த செய்தித்தாள் கிடைத்தது. அதற்குக் கீழே காகிதம் மட்டும்தான்.

சகினா எழுந்து கையை உதறினாள்.

"மாடு செத்ததுக்கப்புறம் இந்த வீட்ல ஒருத்தர் வீட்டுச் சாப்பாட்டைத் தொடலை. கழுநீர்த் தொட்டியில கொட்டினா அத்தைக்குத் தெரியும்னு, பேப்பர்ல சுத்திப் பேப்பர் தொட்டியில போட்டிருக்காரு. சார், சமையலைக் கண்டு யாரு பயப்படுவாங்க?"

"சமையல்ல கை வெச்சவன்," என்றான் ஜவஹர். "பாட்டிலைக் கழுவாம போட்டிருந்தா பொன்ராஜ் மாட்டியிருப்பார். சோத்தைக் கழுநீர்ல கொட்டியிருந்தா நமக்குத் தெரிஞ்சிருக்காது. விதியை மீற வேண்டிய இடத்துல மதிச்சான். மதிக்க வேண்டிய இடத்துல மீறினான்."

"எதுக்கு?" என்று முனகினார் ராஜகோபாலன். பிறகு தாமே பதிலும் சொன்னார். "காயலைப் பார்த்த மனை. ஹோட்டல் கட்டணும்னு ஒரு பார்ட்டி கேட்டுண்டே இருக்கான். சுப்புலக்ஷ்மி விக்க மாட்டேன்னுட்டா."

சகினா அதற்குள் கொல்லைப் பக்கம் நடக்க ஆரம்பித்திருந்தாள். உள்ளே ஒரு பெண்மணி, தனக்கு விஷம் வைத்தவனுக்குத் தினமும் சோறு போட்டுக்கொண்டிருக்கிறாள். இன்னொரு பாட்டில் வாங்க அவனுக்கு எத்தனை நேரம் ஆகும்?

கிணற்றடியில் சுப்புலக்ஷ்மி தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தாள். அறுபது வயதிருக்கும். முதுகு வளையவில்லை.

"தள்ளி நில்லும்மா. மடி."

"தள்ளியேதான் நிக்கறேன் மாமி. ஒரே ஒரு விஷயம் சொல்லிட்டுப் போயிடறேன். உங்க வீட்டு ஊறுகாயை..."

"மாகாளியையா?" வாளியைக் கீழே வைத்தாள் மாமி. "நீ வர இவ்வளவு நாளாச்சா?"

பின்னால் வந்து நின்ற ஜவஹர் கேட்டான். "உங்களுக்குத் தெரியுமா?"

"ஜாடி வாய்க்குத் துணியாலே வேடு கட்டறது நான். நான் இடக்கைக்காரி. என் முடிச்சு இடப்பக்கம் திரும்பியிருக்கும். கிரகணம் விட்டு, ஸ்நானம் பண்ணிட்டு வந்து பாக்கறேன், முடிச்சு வலப்பக்கம் பாக்கறது. இவன்தான், மடியில்லாம ஜாடியைத் தொட்டுட்டான்னு நினைச்சேன். தர்ப்பை போட்டென்ன, போடாட்டா என்ன, தொட்டாச்சு. கொண்டு போய்க் கழுநீர்த் தொட்டியிலே கொட்டினேன்."

"விஷம்னு..."

"தெரியாது. தீட்டுன்னுதான் கொட்டினேன். கார்த்தால செவலை போயிடுத்துன்னா. ஜாடியைப் போய்ப் பார்த்தேன். அடியிலே ஒட்டிண்டிருந்ததை எறும்பு மொய்ச்சிருந்தது. அத்தனையும் செத்துக் கிடந்தது."

"போலீசுக்கு ஏன் சொல்லலை?"

"போலீஸ் வரும். மறுநாள் வக்கீல் வருவான். என் மருமான் நான் எழுதி வெச்ச காசிலேயே ஜாமீன்லே வந்து என் எதிர்லேயே உக்காருவான்." மாமியின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "நான் தூக்கி வளர்த்தவன். எனக்கு அவன் வெச்சது ஒரு வேளைச் சாவு. நான் அவனுக்கு வேளாவேளைக்கு வெக்கறேன்."

"எப்படி மாமி?" சகினா கிசுகிசுத்தாள்.

"எங்காத்துல அது ஜோடி ஜாடி. அச்சு அசல் ஒண்ணு போலே இருக்கும். நல்ல ஊறுகாயை மத்ததிலே போட்டு, அதே இடத்துலே வெச்சேன். மேலாக ரெண்டு கரண்டிதான் கொட்டினேன், மிச்சம் அப்படியே இருக்குன்னு அவன் காதிலே போட்டேன். தினம் அவனுக்கு இலை போட்டுட்டு, எதிர்லே உக்காந்து அந்த ஜாடியிலேருந்து எடுத்துச் சாப்பிடறேன். ரசிச்சுச் சாப்பிடறேன். அவன் என் முகத்தையே பாத்துண்டிருக்கான். மொதல் நாள் சாவேனான்னு பார்த்தான். ரெண்டாம் நாள் ஏன் சாகலேன்னு பார்த்தான். அப்புறம் தன் இலையைப் பார்க்க ஆரம்பிச்சான்."

கொல்லைக் கதவுக்கு அப்பால் எங்கோ கன்றுக்குட்டி கத்தியது.

"பட்டினி போடறேன்னு யாரும் சொல்ல முடியாது. நாலு கறியோட தளிகை பண்ணிப் போடறேன். அவனே தனக்குப் பட்டினி போட்டுக்கறான். காலர் தளர்ந்து போச்சு, பார்த்தியோ?"

சகினா பார்த்திருந்தாள். ஒட்டிய கன்னம். குழிந்த கண். கைக்குட்டை நீட்டிய மெலிந்த கை. இரக்கம் வர வேண்டும் என்று காத்துப் பார்த்தாள். வரவில்லை.

"மாமி, உங்க கணக்கு உங்களுக்குச் சரி," என்றான் ஜவஹர். "வாசல்ல ஒருத்தி உட்கார்ந்திருக்கா. பொன்ராஜ் தொட்டியில பாட்டில் கிடைச்ச சேதி அவ காதுக்குப் போயாச்சு. இன்னிக்குச் சாயங்காலம் அவர் கடையைக் கொளுத்தறதா அவ தம்பிகிட்ட சொன்னது, இப்ப வரும்போது என் காதுல விழுந்தது. நீங்க ரசிச்சுச் சாப்பிடற நேரத்துல, ஒரு தப்பும் பண்ணாதவர் கடை எரியும்."

மாமியின் முகத்தில் முதல் முறையாக எதுவோ தடுமாறியது.

"பழைய ஜாடி எங்கே?"

"சாம்பல் தொட்டியிலே. அடியிலே. அவ வண்டியை விடமாட்டாள்னு தெரியும். அதைவிடப் பத்திரமான இடம் ஏது?" புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். "இலை போடப் போறேன். ரெண்டு பேரும் கூடத்துலே உக்காருங்கோ. ராஜகோபாலனையும் வரச் சொல்லுங்கோ. அந்தப் புஷ்பத்தைக் கொல்லைப் படியிலே நிறுத்துங்கோ."

புஷ்பம் சும்மா வரவில்லை. டிரம்மை உருட்டாமல், சிந்தாமல், தம்பியைக் கூப்பிட்டுத் தூக்க வைத்துக் கொண்டுவந்தாள்.

"உள்ள இன்னா நடக்குது?" என்று சகினாவின் தோளைப் பிடித்துக் கேட்டாள்.

"சாப்பாடு நடக்குது. வாயைத் திறக்காம பாருக்கா."

கூடத்தை ஒட்டிய சமையலறையில் கஸ்தூரிரங்கன் இலையின் முன்னால் உட்கார்ந்திருந்தான். கூடத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் சிரிக்க முயன்றான்.

"எல்லாரும் சாப்பிட்டாச்சா?"

"நீங்க சாப்பிடுங்க. நாங்க சும்மா பேசிட்டுப் போக வந்தோம்," என்றான் ஜவஹர்.

மாமி பரிமாறினாள். சாதம், குழம்பு, கறி, அப்பளம். பிறகு ஜாடியைக் கொண்டுவந்தாள். வேடு துணியை அவிழ்த்தாள். கூடம் முழுக்க அந்த வாசனை பரவியது. இலையின் மூலையில் இரண்டு துண்டு வைத்தாள்.

"எனக்கு அது பிடிக்காதே அத்தை."

"தொட்டுக்காட்டா போறது. இருக்கட்டும்."

எதிரே உட்கார்ந்தாள். தன் இலையில் ஐந்தாறு துண்டு போட்டுக்கொண்டாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். நறுக்கென்று கடித்தாள். அந்தச் சத்தம் கூடம் வரை கேட்டது. நிதானமாக மென்றாள். இன்னொன்று எடுத்தாள்.

கஸ்தூரிரங்கன் சாதத்தைப் பிசைந்தான். வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மறுபடி பிசைந்தான். அவன் நெற்றியில் பொடிப்பொடியாக வேர்த்தது.

"இந்தத் தடவை நன்னா ஊறியிருக்கு," என்றாள் மாமி. "கொஞ்ச நாளா ருசியே கூடிப் போச்சுடா. என்னமோ புதுசா ஒரு மணம்."

மூன்றாவது துண்டு. நறுக்.

"அத்தை."

"என்னடா கண்ணா?"

"போறும். சாப்பிடாதே."

"ஏன்? உடம்புக்கு நல்லதாச்சே." நாலாவதை எடுத்தாள். அவனைப் பார்த்துக்கொண்டே வாயில் போட்டாள்.

அவன் இலையை இரண்டு கையாலும் தள்ளினான். சாதம் தரையில் சிதறியது.

"எப்படி? தினம் தினம் அதையே தின்னுண்டு நீ எப்படிச் சாகாம இருக்கே?"

தன் குரலைத் தானே கேட்டவன் போல் கஸ்தூரிரங்கன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான்.

மாமி மென்றுகொண்டிருந்ததை விழுங்கினாள். "அப்பா. கேட்டுட்டான்," என்றாள்.

"சாம்பல் தொட்டியில பழைய ஜாடி இருக்கு," என்றான் ஜவஹர். "அதுல உங்க மருந்து. பொன்ராஜ் தொட்டியில பாட்டில். அதுல உங்க கை சுத்தம். நீங்க இப்ப கேட்ட கேள்விக்கு நாங்க மூணு பேர் சாட்சி. அடையாறு ஸ்டேஷனுக்குப் போன் பண்ணியாச்சு."

கஸ்தூரிரங்கன் எழுந்தான். வாசல் பக்கம் ஜவஹர் நின்றான். கொல்லைப் பக்கம் ஓடினான்.

படியில் புஷ்பம் நின்றுகொண்டிருந்தாள்.

சகினா தன் கைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ரசாயனப் பரிசோதனைக்கு ஒரு பாட்டில் கழுநீர் அதில் பத்திரமாக இருந்தது. மிச்சம் புஷ்பத்தின் சொத்து. அதில் தலையிட அவளுக்கு உரிமை இல்லை.

"இன்னா நைனா, சுகாதாரக் கமிட்டியா நீ?" என்றாள் புஷ்பம். அக்காளும் தம்பியும் டிரம்மைத் தூக்கி, தலைக்கு மேல் கவிழ்த்தார்கள்.

அவன் வெள்ளைச் சட்டையோடு படியில் சறுக்கி உட்கார்ந்தான். வெண்டைக்காய்க் காம்பு காதில் தொங்கியது.

"அந்தாளைக் குளிக்க வைக்காதீங்க சார்," என்றாள் சகினா. "போலீஸ் வர வரைக்கும் அப்படியே இருக்கட்டும். சாட்சியத்தைக் கழுவக் கூடாது."

போலீஸ் ஜீப் போன பிறகு, கேட் திறந்தது. குப்பை வண்டி உள்ளே வந்தது. பொன்ராஜ் தன் தொட்டியைத் தாமே தூக்கிக் கொட்டினார். கழுவாத பாட்டில்கள் கடகடவென்று உருண்டன. அன்று யாரும் அவருக்கு அபராதம் போடவில்லை.

புஷ்பம் கொல்லைப் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். பழி தீர்ந்த முகமாக அது இல்லை. காலி டிரம்மின் மேல் கை போட்டுக்கொண்டு காயலைப் பார்த்தாள்.

மாமி வெளியே வந்தாள். இரண்டு படி இறங்கினாள். அதற்கு மேல் இறங்குவது அவள் வழக்கமில்லை. இன்னும் இரண்டு படி இறங்கினாள்.

"புஷ்பம், விஷம் வெச்சது அவன். கழுநீர்லே கொட்டின கை என்னோடது. விஷம்னு தெரியாது. ஆனா மறுநாளே தெரிஞ்சும், உங்கிட்டே வந்து சொல்லலே. நீ வாசல்லே கத்தினதைக் கேட்டுண்டேதான் நான் சாப்பிட்டேன்."

புஷ்பம் எழுந்தாள். அவள் ஏதாவது வீசினால் தடுப்பதா வேண்டாமா என்று சகினாவால் முடிவு செய்ய முடியவில்லை. ஆனால் புஷ்பம் ஒன்றும் வீசவில்லை. கேட் பக்கம் நடந்தாள். திரும்பி வரும்போது கையில் கன்றுக்குட்டியின் கயிறு இருந்தது. சந்து வழியாக வரவில்லை. முன்வாசல் வழியாக ஏறி, கூடத்தைத் தாண்டி, மாமியின் சமையலறை வழியாக அதைக் கொல்லைக்கு இழுத்து வந்தாள். கன்று வழியெல்லாம் ஈரம் பண்ணிக்கொண்டே வந்தது. கொல்லைத் தூணில் கட்டினாள்.

"ஒன்னிய நான் ஒண்ணும் செய்யல. இதுக்குக் காலீல ஒருக்கா, சாயங்காலம் ஒருக்கா பாலு ஊட்டணும். வேலைக்காரிகிட்ட குட்த்து அனுப்பாத. ஒன் கையால ஊட்டணும். இது புல்லு தின்ற வரிக்கும். தினம் வந்து பாப்பேன். ஒரு வேளை பசியில கத்துச்சுன்னா, அப்பால நான் யாருன்னு தெரிஞ்சிக்குவ."

மாமி கன்றைப் பார்த்தாள். அதன் கால் சேற்றைப் பார்த்தாள். நனைந்த கூடத்தைப் பார்த்தாள்.

"பால் இருக்கு," என்றாள். "எதுலே ஊட்டறது?"

சகினா சந்துக்குப் போய், ஏழாம் நம்பர் தொட்டியிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து வந்தாள். லேபில் உரித்தது, மூடி கழற்றியது, கண்ணாடி போல் துலக்கியது.

"கழுவியே இருக்கு மாமி."

மாமி அதை வாங்கினாள். கிணற்றடியில் உட்கார்ந்து, சாம்பலும் புளியும் போட்டு, ஒரு தடவை கழுவினாள். மோந்து பார்த்தாள். இன்னொரு தடவை கழுவினாள். அவள் கழுவிக்கொண்டே இருந்தபோது, கன்றுக்குட்டி கயிற்றை நீட்டி எட்டி, அவளுடைய மடிப் புடவையின் தலைப்பை வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தது.

மாமி அதை இழுத்துக்கொள்ளவில்லை.